எண்ணெய் ஊறும் நேரம்

"நல்ல வாய்ப்பு ஒண்ணு" என்று யாராவது போனில் ஆரம்பித்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பதினைந்து வருஷத்துக்கு மேலாக மண்ணைப் பிசைந்து பிழைக்கிறவள் நான். இதுவரை எனக்கு வந்த நல்ல வாய்ப்புகளை ஏற்ற ஒரு லாரி வேண்டும். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் சுற்றிக் காட்டுகிற வாய்ப்பு. கல்யாண மண்டபத்து வாசலில், வருகிறவர்களின் பிள்ளைகளுக்குக் களிமண் உருண்டை கொடுத்து, அம்மாக்கள் சாப்பிட்டு வரும்வரை பார்த்துக்கொள்கிற வாய்ப்பு. எல்லாவற்றுக்கும் மேசை என்னுடையது, பல்பு என்னுடையது, வண்டிச்சத்தமும் என்னுடையது. வாய்ப்பு மட்டும் அவர்களுடையது.

என் பட்டறை வடகரை போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பா காலத்தில் நெல்மூட்டை அடுக்கிய ஷெட். வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு எலிகள்தான் அங்கே குடியிருந்தன. நான் வெளியூரில் சக்கரமும் சூளையும் படித்துவிட்டு வந்து, எலிகளைத் துரத்தி, அங்கே ஒரு கேஸ் சூளையைக் கட்டினேன். வீட்டுக்குத் தேவையான கிண்ணம், தட்டு, கோப்பை எல்லாம் பளபளக்கிற மேல்பூச்சோடு செய்கிறேன். "டிகிரி முடிச்சிட்டு சட்டி பானை செய்யுதா" என்று என் சித்தப்பா தென்காசி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சட்டி பானை இல்லை என்று ஒருமுறை விளக்கப் போனேன். "அப்ப என்ன, செலையா செய்யுத?" என்றார். கிண்ணம், தட்டு என்றேன். "அதத்தான நானும் சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். கோபத்தை விடவில்லை.

எங்கள் பக்கத்துக் கைவினைக்காரர்களைச் சேர்த்து ஒரு அண்ணாச்சி சங்கம் நடத்துகிறார். கைவினை எதுவும் அவருக்குத் தெரியாது. மைக் பிடிக்கத் தெரியும். யார் என்ன சொன்னாலும் "செஞ்சிருவோம்" என்பார், செய்ய வேண்டியது நாங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம் அவர்தான் போன் செய்தார்.

"தங்கச்சி, நல்ல வாய்ப்பு ஒண்ணு."

நான் பல்லைக் கடித்தேன்.

"ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ் தோட்டத்துல சீசன் கடை போடுதோம். சும்மா கடை இல்ல. மெட்ராஸ்ல கேலரி வச்சிருக்காவல்லா, நம்ம கடையத்துக்காரவிய, வருசம் தவறாம குளிக்க வருவாவ. அவிய வருசா வருசம் போடுத கண்காட்சிக்குப் புதுசா ஆளு எடுக்காவ. உன் சாமானப் பாக்கணும்னு அவியளே கேட்டாவ."

அவர்களே கேட்டார்கள் என்றதும் என் பல் தானாகத் திறந்துகொண்டது. அந்தக் கண்காட்சியைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். நாடு முழுவதிலிருந்தும், இதுவரை எந்தப் பெரிய இடத்திலும் வைக்காத மண்கலைஞர்கள் சிலரை மட்டும் எடுப்பார்கள். அந்தக் கேலரிச் சுவரில் ஒருமுறை ஏறியவர்களை அதன் பிறகு எல்லாரும் தேடி வருவார்கள். நான் பலமுறை போட்டோ அனுப்பியிருக்கிறேன். கிணற்றில் போட்ட கல். எனக்கு வயது நாற்பத்து நான்கு. தென்காசியில் என் கிண்ணத்தை வாங்குகிறவர்கள் அடியில் ஓட்டை போட்டுக் கற்றாழை வளர்க்கிறார்கள். சோறு சாப்பிடத்தான் செய்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தச் சுவர் எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வேண்டியிருந்தது.

என்னிடம் அப்போது ஏழு கிண்ணங்கள் இருந்தன. கைப்பிடி அளவைவிடச் சற்றுப் பெரியவை, உதடு மெல்லியவை. அவற்றுக்கென்று ஒரு மேல்பூச்சைப் பல மாதம் பாடுபட்டுச் சரிப்படுத்தியிருந்தேன். ரைஸ் மில்லில் கொட்டிக் கிடக்கிற உமிச்சாம்பல்தான் அதில் முக்கியம். நன்றாக உருகினால் நீர்மோர் நிறத்தில், ஓரத்தில் லேசாக நீலம் ஓடி நிற்கும். கொஞ்சம் கோளாறான பூச்சு. தடிமன் கூடினால் சுருண்டுகொள்ளும், மண்ணில் தூசி இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். என்னை மாதிரி.

மண்பாத்திரத்தை நாங்கள் இரண்டு முறை சுடுவோம். முதல் சூட்டில் மண் இறுகும், ஆனால் டீயில் தோய்த்த பிஸ்கட் மாதிரி எதையும் உறிஞ்சும். அந்த நிலையில் பூச்சில் முக்கினால் தண்ணீரை அது குடித்துவிடும், சாம்பலும் பொடியும் மேலே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது சூட்டில் அது கண்ணாடியாக உருகும். ஏழு கிண்ணமும் முதல் சூடு முடிந்து பூச்சுக்குக் காத்திருந்தன. முடித்தே கொண்டுவருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"முடிச்சதக் கொண்டாராத தங்கச்சி. அவிய முன்னால வச்சுப் பூசு. லைவ்வா இருக்கும். நான் சொல்லிட்டேன், செஞ்சிருவோம்னு."

ஏழு கிண்ணத்தையும் துணியில் சுற்றி, பூச்சு வாளியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

லாட்ஜ் தோட்டத்தில் தார்ப்பாய்ப் பந்தல். சாரல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அடுத்த மேசையில் பனையோலைப் பெட்டி முடைகிற அக்கா ஒருத்தி. கடையத்துப் பக்கம், வெற்றிலை போட்ட வாய், யாருக்கும் பயப்படாத நாக்கு. நாங்கள் இருவரும் பல வாய்ப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஏமாந்தவர்கள்.

காலையிலிருந்து கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் என் தட்டுகளைச் சுண்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு தட்டை நாலு முறை சுண்டிவிட்டு, "சத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் போனார். ஒரு குடும்பம் சூடான நேந்திரங்காய் சிப்ஸை என் பெரிய தட்டில் கொட்டி, நின்றபடியே தின்று முடித்து, "கழுவணுமா?" என்று கேட்டது. வேண்டாம் என்றேன். என்னை யாராவது கழுவி ஊற்றாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு கிண்ணங்களை மட்டும் வெள்ளைத் துணி விரித்துத் தனியாக வைத்து, "தொடாதீர்கள்" என்று அட்டையில் எழுதிச் சாய்த்திருந்தேன். சுண்ட வந்த ஒரு கையை நானே தட்டிவிட்டேன்.

மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆகிற நேரத்தில்தான் கேலரிக்காரர் வந்தார். கூடவே அண்ணாச்சி, மூன்றடி பின்னால், குடை பிடித்தபடி.

மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, விரலில் அகலமான மோதிரம், சட்டை இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கியது. குற்றாலத்துக்கு வந்தவர்கள் செய்கிறதைத்தான் அவரும் செய்திருந்தார். மசாஜ்காரரிடம் உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டு, எண்ணெய் உடம்பில் ஊறட்டும் என்று அருவிக்குப் போவதற்கு முன் கொஞ்ச நேரம் காற்றாட நடந்து வந்திருக்கிறார்.

"எண்ணெய் ஊறுற நேரத்துல உங்க வேலையைப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்" என்றார்.

என் பதினைந்து வருஷத்துக்கு அவர் ஒதுக்கியது எண்ணெய் ஊறுகிற நேரம். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், புன்னகைத்தார், முதல் கிண்ணத்தை எடுத்தார். அட்டை மற்றவர்களுக்கு. கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தைத் தடவினார். உள்ளே கட்டைவிரலை ஓட்டினார். உதட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஆள் விஷயம் தெரிந்தவர், அதை நான் மறுக்கமாட்டேன். சுண்டிப் பார்க்காத முதல் மனிதர் அன்றைக்கு அவர்தான். "சுவர் எங்கயும் தடிக்கலையே. அடியில எடை நிக்கலையே" என்று ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துச் சொன்னார். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நான் செய்து வைத்ததை எல்லாம் வரிசையாகக் கவனித்தார். எனக்குக் கண் கலங்கியது.

ஓலைப்பெட்டி அக்கா என் இடுப்பில் இடித்தாள்.

"ஏட்டி, அந்தாளு கை பூரா எண்ணெய்."

"தெரியுது. சும்மா இரிங்க அக்கா."

"தண்ணி குடிக்கிற மண்ணுட்டி. நீதான சொன்ன, வேர்வை படக் கூடாதுன்னு."

தெரியாமல் இல்லை. எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. என் தோளிலேயே ஒரு சுத்தமான துணி கிடந்தது. அதை நீட்டினால் போதும். ஆனால் என்னைத் தேர்ந்தெடுக்க வந்த மனிதரிடம் உங்கள் கை அழுக்கு என்று எந்த வாயால் சொல்வது? பழம் நழுவிப் பாலில் விழப்போகிற நேரத்தில் பாலைத் தட்டிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. சிப்ஸ் தின்ற குடும்பமாக இருந்திருந்தால் கையை முறித்திருப்பேன்.

ஏழையும் தொட்டு முடித்துவிட்டு, "பூசுங்க, பாப்போம்" என்றார்.

ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து வாளியில் முக்கி எடுத்தேன். அவர் விரல் பட்ட இடங்களில் பூச்சு முத்து முத்தாக ஒதுங்கியது. தூரிகையால் அங்கங்கே தொட்டு மறைத்தேன். அண்ணாச்சி போட்டோ எடுத்தார். கேலரிக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"சுட்டு முடிச்சு வர்ற திங்கக்கிழமைக்குள்ள போட்டோ அனுப்பிருங்க. லிஸ்ட்டு அச்சுக்குப் போகுது. வடிவத்துல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல" என்றார். பிறகு புஜத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஊறிட்டுது" என்று ஐந்தருவிப் பக்கம் நடந்தார்.

இதற்கு மருந்து உண்டு. பூச்சை முழுக்கக் கழுவிவிட்டு, கிண்ணத்தைக் காயவைத்து, வெறுமனே இன்னொரு சூடு கொடுத்தால் எண்ணெய் எரிந்து போகும். மறுபடி பூசி மறுபடி சுட வேண்டும். சாரல் நேரத்தில் எங்கள் பக்கம் கைக்குட்டை காய்வதற்கே நாளாகும். அவர் சொன்ன திங்கட்கிழமைக்குள் இரண்டு சூடு நடக்காது. அப்படியே சூளையில் ஏற்றினேன். ஏற்றும்போது கும்பிடாத சாமி இல்லை.

சூளையைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது பூச்சின் நிறம். நான் மாதக்கணக்கில் தேடிய அதே நிறம், நீர்மோர் வெள்ளை, ஓரத்தில் நீலம். அப்புறம்தான் கிண்ணத்தைத் திருப்பினேன். வெளிப்புறத்தில் நாலு இடத்தில் பூச்சு சுருண்டு விலகி, மண் அம்மணமாகத் தெரிந்தது. உட்புறம் ஒரு கட்டைவிரல். அடுத்ததிலும் அப்படியே. ஏழிலும். மோதிர விரல் இருந்த இடத்தில் குறுக்காக ஒரு பட்டை வேறு. அவர் போட்டிருந்த அகல மோதிரம்கூட எனக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஷெட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பிறகு அவரைத் திட்டினேன். அம்மாவின் முன்னால் சொல்ல முடியாத வார்த்தைகள் எனக்கு எத்தனை தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அண்ணாச்சிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எண்ணெய்தான் காரணம் என்று எழுதி அனுப்பப் போகிறேன் என்றேன்.

"எழுதிக் கிழிச்ச. அவிய மேலயே குத்தம் சொல்லுவியோ? நாளைக்கு நம்ம ஆளு ஒருத்தரையும் எடுக்க மாட்டாவ. உன்னால எல்லார் பொழப்பும் போவணுமா? போட்டோவ மட்டும் அனுப்பு, மத்தத அவிய பாத்துக்கிடுவாவ."

எல்லார் பிழைப்பையும் என் தலையில் வைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். போட்டோவை மட்டும் அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்தது. வடிவம் நன்று. மேல்பூச்சில் கட்டுப்பாடு இல்லை. அடிப்படைச் சுத்தத்தில் கவனம் தேவை. மேலும் பழகிவிட்டு முயலவும்.

சுத்தம். அந்த ஒரு வார்த்தை என்னை ஒரு வருஷம் தூங்கவிடவில்லை. நெற்றியில் எண்ணெய் வழிய வந்து என் மண்ணைத் தடவிவிட்டுப் போனவர் எனக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கிறார். குளிக்கும்போது நினைவுக்கு வரும், சோப்பைத் தூக்கி எறிவேன். சக்கரத்தில் உட்காரும்போது வரும், மண் கோணிப்போகும். மன்னித்துவிடு, மனசுக்கு நல்லது என்றாள் ஒரு தோழி. என் மனசுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும். வெறுப்பு எனக்கு அந்த வருஷம் கஞ்சி மாதிரி இருந்தது. மூன்று வேளையும் குடித்தேன், தெம்பாக இருந்தது.

ஏழு கிண்ணத்தையும் உடைத்துப் போடு என்றாள் ஓலைப்பெட்டி அக்கா. மாட்டேன் என்றேன். ஒன்றில் நான் மோர்ச்சோறு சாப்பிட்டேன். என் விரல்கள் அந்தத் தடங்களில் பொருந்தவில்லை. அவர் கை பெரியது. சாப்பிடும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவது போல இருக்கும். ஆனாலும் விடவில்லை. அது என்னுடைய கிண்ணம்.

அடுத்த சீசனும் வந்தது. சாரல் விழத் தொடங்கிய ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அண்ணாச்சியின் வண்டி ஷெட் வாசலில் நின்றது. பின்னால் இருந்து கேலரிக்காரர் இறங்கினார். இந்த முறை சட்டை, பேண்ட், கையில் போன். குளித்து முடித்து, நெற்றியில் திருநீறோடு வந்திருந்தார். விரலில் அதே மோதிரம்.

"இந்த வருஷமும் கண்காட்சி உண்டு. தென்மாவட்டத்துல இருந்து யாருமே இல்லன்னு கேள்வி வருது. அதான் நேர்லயே பாத்துட்டுப் போலாம்னு" என்றார். என்னைப் பார்த்து, "நாம முன்னாடி சந்திச்சிருக்கோமோ?" என்று கேட்டார்.

"சந்திச்சிருக்கோம் சார்" என்றேன்.

அலமாரியைச் சுற்றி வந்தார். புதிதாகச் செய்தவற்றை மேலோட்டமாகப் பார்த்தார். என் சோற்றுக் கிண்ணம் ஜன்னல் பலகையில் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். விரல்களை லேசாகத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்."

"இது, இதத்தான் நான் தேடுறேன். பாருங்க, விரல் வைக்கிற இடத்தை மட்டும் பூசாம மண்ணாவே விட்டிருக்கீங்க. கைக்கு அப்படியே வந்து உக்காருது. எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி." அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "மண்ணைத் தொடுறதுக்கு மனுஷனுக்கு ஒரு இடம் குடுத்திருக்காங்க. என்ன யோசனை. இதே மாதிரி ஏழு குடுத்தீங்கன்னா லிஸ்ட்டுல முதல் பேரு உங்களுதுதான்."

அண்ணாச்சி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து இரண்டு கண்ணையும் உருட்டினார். வாயைத் திறந்துவிடாதே என்று அர்த்தம். மீதி ஆறும் அலமாரியின் மேல்தட்டில், பேப்பர் சுற்றித் தயாராக இருந்தன. இந்த ஒன்றையும் சேர்த்து ஏழு. எட்டி எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. அந்தச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் சித்தப்பா உயிரோடு இருக்கும்போதே அதை நான் பார்த்துவிடலாம்.

ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவரில் என் ஏழு கிண்ணங்கள் நிற்பதையும், அதற்குக் கீழே அவருடைய விளக்கம் எழுதியிருப்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

"அது யோசனை இல்ல சார். அது உங்க விரலு" என்றேன்.

அவர் சிரித்தார். ஏதோ கவிதையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நெசமாத்தான் சொல்லுதேன். போன சீசன்ல ஐந்தருவி ரோட்டுக் கடையில எண்ணெய்க் கையோட ஏழையும் எடுத்துப் பாத்தீய. எண்ணெய் பட்ட எடத்துல பூச்சு ஒட்டல. மோதிரம் கூட விழுந்திருக்கு, பாருங்க. அப்புறம் போட்டோவப் பாத்துட்டு சுத்தம் பத்தலன்னு எழுதினீய."

அவர் கிண்ணத்தைத் திருப்பினார். மோதிர விரலை மெல்ல எடுத்து, அந்தப் பட்டையைப் பார்த்தார், மறுபடி அதே இடத்தில் விரலை வைத்தார். அண்ணாச்சி வாசலுக்குப் போய் வண்டியின் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்போ," என்றார், "இதை இன்னொரு தடவை உங்களால செய்ய முடியாது."

"முடியும் சார். எண்ணெய் தேச்சிட்டு வாங்க."

கிண்ணத்தை ஜன்னல் பலகையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக, மோதிரத்தைச் சுற்றியும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். முந்தைய சீசனில் செய்திருக்க வேண்டியது.